கொப்பிக்கு இலக்கம் போடலாமா?

"வாசித்த புத்தகத்தைப் பற்றி நாலு வரியாவது எழுதி வையுங்கள்" என்று இந்தப் பக்கத்தில் சொன்னாலும் சொன்னோம். "எழுதியாயிற்று, அதை எங்கே வைப்பது?" என்று கண்டியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவைதான். அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வாசித்த புத்தகங்களைப் பற்றி சீ.ஆர். கொப்பிகளில் எழுதி வந்தேன். இப்போது ஓர் அலுமாரி நிறையக் கொப்பி. தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. நூலகத்தில் போடுகிற டூயி இலக்கத்தைப் போட்டு ஒழுங்குபடுத்துங்கள் என்கிறாள் மகள். செய்யலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்தேகம)

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். முழுவதையும் கேட்க வேண்டாம்.

மெல்வில் டூயி தன் நூலகப் பகுப்புத் திட்டத்துக்கு 1876இல் வெளியிட்ட முதல் பதிப்பு வெறும் 44 பக்கம். அதில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. பொது விடயங்களுக்கு 000, மெய்யியலுக்கு 100, சமயத்துக்கு 200, சமூக அறிவியலுக்கு 300, மொழிக்கு 400, விஞ்ஞானத்துக்கு 500, தொழில்நுட்பத்துக்கு 600, கலைக்கு 700, இலக்கியத்துக்கு 800, வரலாறும் புவியியலும் 900 என்று உலகத்து அறிவைப் பத்தாகக் கூறுபோட்டார். 2011இல் அச்சான 23ஆம் பதிப்பு நாலு பெரிய தொகுதி. உங்களுக்குத் தேவை அந்த 44 பக்கக் காலத்து எளிமை. மூன்று இலக்கம் போதும். புள்ளி தாண்டிப் போக வேண்டியது தமிழ் இலக்கியத்துக்குத்தான், ஏனென்றால் 894 என்று மட்டும் எழுதினால் துருக்கிக்காரரும் பின்லாந்துக்காரரும் நம்மோடு ஒரே வீட்டில் இருப்பார்கள். தமிழ் இலக்கியம் 894.811. அதன் பின்னால் 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை.

கொப்பியைக் கிழிக்காதீர்கள். ஒவ்வொரு கொப்பிக்கும் ஓர் எண், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் போடுங்கள். பிறகு புத்தகம் ஒன்றுக்கு ஓர் அட்டை, பழைய நூலகப் பட்டியல் அட்டையின் அளவில், ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலம். மேலே டூயி இலக்கம், கீழே ஆசிரியர், தலைப்பு, "கொப்பி 7, பக்கம் 32". அட்டைகளை இலக்க வரிசையில் அடுக்குங்கள். கொப்பி கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். இலக்கத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குப் போனால் புத்தகத்தின் முதுகிலேயே ஒட்டியிருப்பார்கள். பார்த்து எழுதுவது பரீட்சையில்தான் குற்றம்.

கேள்வி: இந்த டூயி நல்ல மனிதரா? (வாசகி, அக்குறணை)

பதில்: இல்லை. பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக அவர் காலத்திலேயே சக நூலகர்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் நடத்திய கிளப்பில் யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் தன் விருதொன்றிலிருந்து 2019இல் அவர் பெயரை நீக்கியது. இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் தட்டெழுதி வைத்தால் தேடலில் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. எண்ணெல்லாம் எதற்கு? (உயர்தர மாணவன், கட்டுகஸ்தோட்டை)

பதில்: "தோட்டம்" என்று தேடிப் பாருங்கள், தம்பி. "தோட்டத்தில்" என்று எழுதிய குறிப்பு எதுவும் வராது. "தோட்ட" என்று தேடினால் "தோட்டாவைத் துப்பாக்கியில்" என்று எழுதியதும் சேர்ந்து வரும். போன வருடம் நீங்கள் "கொழுந்து பறித்தல்" என்று எழுதியிருப்பீர்கள், இந்த வருடம் "கொழுந்து கிள்ளுதல்" என்று தேடுவீர்கள். தேடல் என்பது நீங்கள் எழுதிய சொல்லைத் தேடுவது. எழுதியவருக்கே அந்தச் சொல் மறந்துபோனால் அது என்ன செய்யும்? 331 என்று போட்டு வைத்தால் அது எப்போதும் 331. அதற்கு வேற்றுமை உருபு கிடையாது, புணர்ச்சி விதியும் கிடையாது. தொலைபேசியைக் கைவிடச் சொல்லவில்லை. குறிப்பின் முதல் வரியில் அந்த மூன்று இலக்கத்தையும் தட்டிவிடுங்கள்.

கேள்வி: இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தராத புத்தகத்துக்கு எந்த இலக்கம்? (அரச ஊழியர், கடுகன்னாவ)

பதில்: 364. குற்றவியல்.

கேள்வி: வாசிக்கவென்று வாங்கி இன்னும் தொடாமலே இருக்கும் புத்தகங்களுக்கு? (அவர் மனைவி, அதே விலாசம்)

பதில்: 133. ஆவி, சோதிடம், எதிர்காலம் சொல்லுதல் எல்லாம் அங்கேதான்.

கேள்வி: கண்டி நகரத்தில் தலதா மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், புனித பவுல் ஆலயம். எல்லாவற்றையும் ஒரு நடையில் பார்த்துவிடலாம். டூயியிலும் இவை இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா? கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன், அதை எங்கே வைப்பது? (வாசகர், கண்டி நகரம்)

பதில்: தேவ வீதியில் நடப்பவருக்கு ஐந்து நிமிடம். டூயியில் அவ்வளவு இலகுவில்லை. 220இலிருந்து 280 வரையான வரிசைகள் முழுக்கக் கிறிஸ்தவம். மற்ற உலகத்துச் சமயங்கள் எல்லாம் 290இல் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் இறாக்கையைப் பார்த்து உலகத்தை அளந்தால் இப்படித்தான் ஆகும். பிற்காலப் பதிப்புகளில் கொஞ்சம் திருத்தினார்கள். வீட்டின் அத்திவாரத்தை யார் மாற்றுவது?

பத்தினி இன்னும் சிக்கல். நமக்குக் கண்ணகி, சிங்களவருக்குப் பத்தினி தெய்யோ. ஒபயசேகரவின் புத்தகம் 1984இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பௌத்தத்தில் வைப்பதா, இந்து சமயத்தில் வைப்பதா, நாட்டார் வழக்காற்றுக்குரிய 398இல் வைப்பதா? நூலகர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும், ஏனென்றால் புத்தகம் ஒன்று, அது நிற்கிற இடமும் ஒன்று. உங்களுக்கு அந்தத் தலைவிதி இல்லை. மூன்று அட்டை எழுதி மூன்று இடத்திலும் செருகுங்கள். கடதாசிச் செலவு ஒரு பிளேன்டீக்குக்கூட வராது. நூலகத்தின் வேலை புத்தகத்தை நிறுத்தி வைப்பது, உங்கள் வேலை யோசனையைத் திரும்பக் கண்டுபிடிப்பது. முன்னதற்கு ஒரு முகவரி வேண்டும், பின்னதற்கு எத்தனை வாசல் இருந்தாலும் நல்லது.

கேள்வி: கண்டியிலுள்ள பௌத்த வெளியீட்டுச் சங்கம் தன் சிறுநூல்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளிவந்த வரிசையில் எண் போடுகிறதே. அதுவும் பகுப்பா? (வாசகர், அம்பிட்டிய)

பதில்: அது வருகை எண். 1958இல் தொடங்கிய சங்கம் அது, வந்த ஒழுங்கில் எண்ணிக்கொண்டே போகிறது. எதைப் பற்றியது என்று அந்த எண் சொல்லாது, எதற்குப் பிறகு வந்தது என்றுதான் சொல்லும். உங்கள் குறிப்புகளுக்கு அப்படி ஓர் எண்ணும் திகதியும் கட்டாயம் போடுங்கள். நமக்கு எந்த வயதில் என்ன புரிந்தது என்று அறிய வேறு வழியில்லை.

கேள்வி: தேயிலை சம்பந்தமாக வாசித்ததையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கப் பார்க்கிறேன். டூயி போட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன. (தோட்டப் பாடசாலை ஆசிரியை, ஹந்தானை)

பதில்: ஓடத்தான் செய்யும், டீச்சர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட செடி, பயிர் என்றால் 633.72. ஆலைக்குள் போய் வாடி அரைபட்டால் 663.94. கோப்பையில் ஊற்றினால் 641. கப்பலில் ஏற்றினால் 382. கொழுந்து எடுத்தவளின் சம்பளம் 331. அவள் பாடியது 398. அவளைப் பற்றி ஒருவர் தமிழில் கவிதை எழுதினால் 894.8111. அவள் பாட்டன் மன்னாரிலிருந்து நடந்து வந்த கதை 954.93. ஒரே லயத்தில் பிறந்தவர்களை எட்டுத் தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பியது போல. நூலக இயலிலேயே இப்படிச் சிதறுபவற்றைப் பிரிந்துபோன உறவினர் என்றுதான் சொல்கிறார்கள்.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'போர்ன் டு லேபர்' (1970) என்ற ஆங்கில நூலை எடுங்கள். தோட்டத்து மனிதரைப் பற்றிய சித்திரங்கள். ஒரு நூலகர் தொழிலாளர் பகுதியில் வைப்பார், இன்னொருவர் இலக்கியம் என்பார். இருவரும் சரி. முதலாவது நூலகத்தில் இலக்கியம் தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்புவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு டூயியே மருந்து வைத்திருந்தார். பலரும் அதைப் பார்ப்பதில்லை. புத்தகத்தின் பின்னால் அகரவரிசைச் சுட்டி ஒன்று உண்டு. அதில் "தேயிலை" என்று பார்த்தால் அது எங்கெங்கே சிதறியிருக்கிறது என்று எல்லா இலக்கமும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த 44 பக்கத்திலேயே அட்டவணையைவிடச் சுட்டி பிடித்த இடம் அதிகம். தன் திட்டத்தில் இதுதான் முக்கியம் என்று அவரே கருதினார். உலகம் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுட்டியை மறந்துவிட்டது. நீங்கள் ஒரு தனிக் கொப்பி வாங்கி அ, ஆ, இ என்று பக்கம் ஒதுக்குங்கள். "தே" என்ற பக்கத்தில் "தேயிலை: 331, 382, 633, 641, 894" என்று எழுதுங்கள். "ல" பக்கத்தில் லயம், "க" பக்கத்தில் கங்காணி. இலக்கம் போடுவதைவிட இந்தக் கொப்பிக்கு நேரம் செலவழிப்பது லாபம் என்பது என் துணிபு.

கேள்வி: எங்கள் ஊர் கே. கணேஷ் மொழிபெயர்த்த புத்தகங்களைத் தமிழ் இலக்கியத்தில்தானே வைக்க வேண்டும்? (இளைஞர் மன்றத்தினர், தலாத்துஓயா)

பதில்: உங்கள் ஊர்ப் பற்றுக்கு வணக்கம். டூயி ஒத்துக்கொள்ளாது. மொழிபெயர்ப்பு எந்த மொழியில் வந்தாலும் மூலமொழியின் இலக்கியத்தில்தான் நிற்கும். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைக் கணேஷ் 'தீண்டாதான்' என்று தமிழாக்கினார். மூலம் ஆங்கிலம், ஆகவே 823. அவர் தமிழில் தந்த ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகள் இன்னும் வேடிக்கை. வியட்நாம் தலைவர் எழுதியது, எனவே வியட்நாமிய இலக்கியம் என்று பாய்ந்துவிடாதீர்கள். 1942-43இல் சீனச் சிறைகளில் இருந்தபோது அவர் அவற்றைச் சீன மொழியில் எழுதினார். ஆகவே சீனக் கவிதை, 895.1.

நூலகத்துக்கு இது நியாயம். சீன எழுத்தாளர் லூ சுன்னைத் தேடி வருகிறவருக்கு ஆங்கிலத்தில் வந்த லூ சுன்னும் தமிழில் வந்த லூ சுன்னும் பக்கத்தில் இருக்க வேண்டுமே. ஆனால் நீங்கள் எழுதியது கணேஷின் தமிழைப் பற்றி என்றால், அந்தக் குறிப்பு 894.811இல்தான் இருக்க வேண்டும். கதையைப் பற்றி எழுதினீர்களா, கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த கையைப் பற்றி எழுதினீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரொபர்ட் நொக்ஸ் பயணமா, வரலாறா, சுயசரிதையா? (வாசகர், கம்பளை)

பதில்: 1660இலிருந்து 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்துவிட்டு, தப்பிப் போய் 1681இல் புத்தகம் போட்டவர். பத்தொன்பது வருடத்தைப் பயணம் என்று சொன்னால் மனிதர் அழுதுவிடுவார். நீங்கள் எதற்காக வாசித்தீர்கள்? அவர் நெல் விதைப்பைப் பற்றிச் சொன்னதற்காக என்றால் 633இல் வையுங்கள். அரசனைப் பற்றி என்றால் 954.93.

கேள்வி: அமெரிக்கரின் திட்டம் எதற்கு? நம்மவர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு இருக்கிறதே! (நூலக விஞ்ஞானம் படிக்கும் மாணவி, பேராதனை)

பதில்: இருக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துண்டுகளும் திருகாணிகளும்தான், ஆனால் எதை வேண்டுமானாலும் கட்டலாம். இலக்கத்தையும் இப்படித் துண்டு துண்டாகக் கட்டினால் என்ன என்று தோன்றியது. 1933இல் கோலன் பகுப்பு வெளிவந்தது. பிற்பாடு யாழ்ப்பாணப் பொது நூலகம் திட்டமிடப்பட்டபோதும் அவரிடம் ஆலோசனை கேட்டார்கள்.

வீட்டில் அவருடைய குறியீடுகளைப் போட வேண்டாம். அதைப் படிக்கப் பட்டமே வேண்டும், உங்களுக்கு அது வரப்போகிறது, மற்றவர்களுக்கு இல்லை. அவர் கேட்ட கேள்விகளை மட்டும் இரவல் வாங்கலாம். எந்த விடயத்தையும் ஐந்து பக்கத்தால் பார்க்கச் சொன்னார்: எதைப் பற்றி, எந்தப் பொருள், என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. கண்டி மலைநாட்டுக் கோப்பியை அழித்த நோயைப் பற்றி வாசிக்கிறீர்கள் என்று வையுங்கள். கோப்பி, இலை, நோய், கண்டி மலைநாடு, 1869க்குப் பின். (கண்டிப்பான நூலகர் இலையை வேறு கட்டத்தில் வைப்பார். நமக்கு இது போதும்.) இந்த ஐந்து சொல்லையும் அட்டையின் அடியில் எழுதிவிட்டால், உங்கள் சுட்டிக் கொப்பிக்கு வேண்டிய தலைச்சொற்கள் தயார். டூயியிடம் முகவரி வாங்குங்கள், ரங்கநாதனிடம் கேள்வி வாங்குங்கள். இருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: இதையெல்லாம் நம் முன்னோர் அப்போதே செய்துவிட்டார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். உண்மையா? (வாசகர், மாத்தளை)

பதில்: மேடையில் சொல்வது எப்போதாவது உண்மையாகவும் இருந்துவிடும். அகநானூற்றை எடுத்துப் பாருங்கள். நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2இலும் 8இலும் முடிவது குறிஞ்சி. 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், பத்து, இருபது என்று வருவது நெய்தல். பாட்டின் கடைசி இலக்கத்தைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். 236ஆம் பாட்டு? மருதம், புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பத்தை அடிப்படையாக வைத்து, எண்ணுக்குள் பொருளை ஒளித்து வைத்த வேலை. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31 என்று தொகை பிரித்தது இன்னொரு பகுப்பு.

அதற்காக டூயி நம்மிடம் திருடினார் என்று கிளம்ப வேண்டாம். புதிதாக 401ஆம் பாட்டு வந்தால் அகநானூற்றில் இடமில்லை. மூடிய பெட்டிக்கு அது அற்புதம். நீங்களோ இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: என் நண்பனின் கவிதைத் தொகுப்பு படு மோசம். எங்கே வைப்பது? (பெயர் வேண்டாம், பிலிமத்தலாவ)

பதில்: 894.8111. கம்பனுக்குப் பக்கத்தில். டூயிக்கு ருசி கிடையாது. ருசியை நீங்கள்தான் குறிப்பில் எழுத வேண்டும். அட்டைப் பெட்டிக்குப் பூட்டும் போடுங்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் யாராவது இப்படிப் புத்தகக் குறிப்புகளைப் பகுத்து எழுதிச் சாதித்திருக்கிறார்களா? (வாசகி, உடத்தலவின்னை)

பதில்: பேராதனையில் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக நூலகர் எச். ஏ. ஐ. குணதிலக. இலங்கை பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் பொருள்வாரியாகப் பிரித்து, இது எப்படிப்பட்டது என்று தன் குறிப்பையும் சேர்த்து ஐந்து தொகுதி எழுதினார். 1970இல் தொடங்கி 1983இல் முடிந்தது, அச்சானது சுவிட்சர்லாந்தில். இலங்கையைப் பற்றி ஆராய்கிறவர் இன்றும் அதைத் தொடாமல் தாண்ட முடியாது. அவர் எடுத்துக்கொண்டது மேற்கத்திய மொழிகளில் வந்தவற்றை. தமிழ் அதற்குள் இல்லை.

அந்தக் குறையை நிரப்ப இறங்கியவர் நூலகர் என். செல்வராஜா. 2002 முதல் 'நூல்தேட்டம்' வருகிறது. ஒரு தொகுதிக்கு ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்கள், பொருள்வாரியாக, ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்போடு. எழுத்தாளர் விபரங்களைத் திரட்டியவர் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தார், சிந்தனை வட்டம் பீ. எம். புன்னியாமீன். பெரிய நிறுவனம் எதுவும் செய்யும் என்று காத்திராமல் தனி ஆட்கள் செய்த வேலை இவை.

இப்போது உங்களிடம் எனக்கொரு வேண்டுகோள். கண்டியிலோ மாத்தளையிலோ ஏதோ ஓர் அச்சகத்தில் அச்சாகி, வெளியீட்டு விழாவோடு மறைந்துபோன மலையகச் சிறுநூல்கள், கோயில் மலர்கள், தொழிற்சங்கக் கையேடுகள் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். எந்த நூலகத்திலும் அவற்றுக்கு இலக்கம் இருக்காது, ஏனென்றால் அவை எந்த நூலகத்துக்கும் போகவே இல்லை. உங்கள் முதல் அட்டையை அவற்றுக்கு எழுதுங்கள்: தலைப்பு, எழுதியவர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்கம், உங்கள் நாலு வரி. இலக்கம் தெரியாவிட்டால் மேல் மூலையை வெறுமையாக விடுங்கள். அட்டையின் பிரதி ஒன்றை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

எலி கடித்த பிரதியானாலும் பரவாயில்லை.